வேனுக்குள் ஒரு ஏன்

உலகத்திலுள்ள வேன்கள் எல்லாம் ஒருநாள் கூடிப் பேசி, தங்களுக்கும் ஒரு குலதெய்வம் வேண்டும் என்று முடிவெடுத்தால், அத்தனையும் ஆரன் அடித்துக்கொண்டு பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம்தான் வந்து நிற்கும். அங்கே ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஆள் உள்ளே நுழைந்தால் வெளிச்சம் வெளியே போய்விடும் அளவில் ஒரு ஸ்டூடியோ. அதற்குள் ஸ்டெடி.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. படம் எடுக்கும் முன் எல்லா போட்டோகிராபரும் 'ஸ்டெடி' என்பார்கள். மனிதர்களைப் பார்த்துச் சொல்வார்கள். இவர் வேனைப் பார்த்துச் சொல்வார். இன்ஜின் அணைந்து, டிரைவர் டீ குடிக்கப் போய், டயருக்குக் கல் முட்டுக் கொடுத்து அசையாமல் நிற்கிற வேனின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "ஸ்டெடி... ஸ்டெடிப்பா... ஆடாத..." என்று கெஞ்சுவார். ஆடுவது அவர் கைதான்.

அப்படியொரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. மேகம் வந்துவிடும் என்று பயம். வந்த மேகம் போய்விடும் என்று பயம். டிரைவர் டீயைச் சீக்கிரம் குடித்துவிடுவான் என்று பயம். பக்கத்துக் கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டு அந்த மாடியில் வாடகைக்கு இருந்தவன் நான். ஒரு இடத்தில் தரிக்காத கால் எனக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் அவருடைய கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் கிளம்பிவிடுவேன். அவருடைய பயம் கூடச் சேர்ந்து வரும். திரும்பும்போது நானும் மேகத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

மற்ற ஸ்டூடியோக்களில் கல்யாணப் பெண்ணும் மொட்டையடித்த குழந்தையும் சிரிக்கும் சுவரில், இவர் கடையில் வேன்கள் நின்றன. நேராக ஒன்று, லேசாகச் சாய்த்து ஒன்று, முழு உருவம் ஒன்று. வரன் பார்க்க அனுப்பும் போட்டோ மாதிரியே. ஒவ்வொன்றுக்கும் கீழே வாழ்க்கை வரலாறு. 'மெட்டடார். முதலில் பால். பிறகு வீதி நாடகக் குழு. பிறகு ஓடிப்போன ஜோடி. தற்சமயம் கோழிக்கூண்டு.' பெண்ணுக்குப் போட்டோ எடுக்கக் கூட்டிவந்த ஒரு தாய், சுவரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏங்க, மாப்ள வூட்ல இப்பல்லாம் வேன்தான் கேக்குறாங்களா?" என்று கலங்கிப் போனார்.

வேனுக்கு ஏன் இந்த மரியாதை என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. "பஸ்ஸுக்கு ரூட்டு இருக்கு சார். லாரிக்கு லோடு இருக்கு. காருக்கு மொதலாளி இருக்கான். ஒரு காரணமும் இல்லாம கெளம்பக்கூடியது வேன் மட்டுந்தான். வெள்ளக்காரப் பயலுவ, முடி வளத்த இப்பிங்க, வூட்ட வுட்டு ஓடியாந்தது எதுல? வேன்ல. நம்மூர்ல ஆவாதுன்னு சொன்ன கல்யாணம் எதுல நடந்துச்சு? வேன்ல. இதுக்குப் பேரு எதிர்க்கலாச்சாரம்."

அந்த வார்த்தையை ஏதோ பத்திரிகையில் படித்திருந்தார். ஒருமுறை சாலையோரம் எங்களை நிறுத்தி விசாரித்த போலீஸ்காரரிடமும் அதையே சொன்னார். "எதிர்க்கட்சியா? எந்த ஏரியா?" என்று அவர் கேட்டதும் ஸ்டெடிக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. பேசி மீட்டுக்கொண்டு வருவதற்குள் எனக்கும் உலர்ந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் வண்டியை போட்டோ எடுப்பது இரண்டே சமயங்களில்தான். வாங்கியபோது மாலை போட்டு. மோதியபோது கூட்டம் போட்டு. ஆகவே மாலையில்லாத வேனை ஒருவர் படம் எடுத்தால் என்ன அர்த்தம்? அரியலூரில் ஒரு பரோட்டாக் கடை வாசலில் பழைய வேன் ஒன்று நின்றது. கீழிருந்து எடுத்தால்தான் அதன் முகத்துக்குக் கம்பீரம் என்று சொல்லி, ஸ்டெடி அதன் பம்பருக்கு முன்னால் ரோட்டில் மல்லாந்து படுத்துவிட்டார். சிமெண்ட் லாரிகள் போகிற ரோடு. நான் கேமரா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, போகிறவர்கள் எல்லாம் நின்றார்கள்.

"அய்யோ, பெரியவரு அடிபட்டுக் கெடக்குறாரு!"

"மூச்சு இருக்கா பாருங்கப்பா!"

"இருக்கு, கை ஆடுது!"

பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர் சால்னாக் கையோடு ஓடிவந்து, "சாமி சத்தியமா நான் ஓட்டவே இல்லீங்க, தின்னுட்டுல்ல இருந்தேன்!" என்று அழ ஆரம்பித்தான். "பேசாதீங்க, வெளிச்சம் போவுது" என்று கீழிருந்து வந்த குரலைக் கேட்டு, "பாவம், கண்ணு இருட்டுதாம்" என்று ஒரு அம்மாள் முகத்தில் தண்ணீரை ஊற்றினாள். யாரோ கூப்பிட்டு ஆம்புலன்ஸே வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் சொட்டச் சொட்ட எழுந்தார் ஸ்டெடி. "அட, பழைய மாடலு!" என்று அதை நேராக ஒன்று, சாய்த்து ஒன்று எடுத்தார். அன்று நாங்கள் அடி வாங்காமல் வந்தது கல்லங்குறிச்சி கலியுக வரதராஜப் பெருமாள் செயல்.

அவருக்கு வேன் பைத்தியம் பிடித்த கதையும் அப்படியொரு குழப்பம்தான். அவர் சொந்த ஊர் ஜெயங்கொண்டம் பக்கம். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அரசாங்க வேன் ஊருக்குள் வந்தால் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கத்தான் வருகிறது என்று ஆண்கள் நடுங்கிய காலம். ஒருநாள் உடம்பெல்லாம் பூ வரைந்த வேன் ஒன்று, கும்பகோணம் போகிற வழி தப்பி ஊருக்குள் நுழைந்தது. 'வந்துட்டான்டா!' என்று ஒரு குரல். அவ்வளவுதான். கல்யாணமான ஆண்கள் அத்தனை பேரும் முந்திரித் தோப்புக்குள் ஓடினார்கள். கல்யாணம் ஆகாதவர்களும், எதற்கும் இருக்கட்டும் என்று ஓடினார்கள்.

வேனிலிருந்து இடுப்புவரை முடியும் கழுத்தில் மணியுமாக ஒரு வெள்ளைக்காரன் இறங்கினான். பெண்கள் அவனைச் சுற்றி நின்று, "டாக்டரம்மா என்னா ஒசரம்டி!" என்றார்களாம். அவன் தண்ணீர் கேட்டுக் கையை வாய்க்குக் கொண்டுபோக, மாத்திரை கொடுக்கப் பார்க்கிறாள் என்று அவர்களும் பின்வாங்கினார்கள். பொழுது சாயும்வரை ஆண்கள் எறும்புக்கடியில் கிடந்தார்கள். ஆணாகப் பிறந்தவர்களில் ஓடாமல் நின்றது நம் ஆள் ஒருவர்தான். அந்த வெள்ளைக்காரன் தன் கேமராவை இவர் கண்ணில் வைத்துக் காட்டினான். அதற்குள் முதலில் தெரிந்தது வேன். பிறகு வேறெதையும் அவர் சரியாகப் பார்க்கவில்லை.

கடைசியாக என் தொழிலிலும் கை வைத்தார்.

"சார், நீங்க தமிழ் வாத்தியார். நேத்து வந்தேன், போனேன், சாப்ட்டேன். இதுல எங்கயாச்சும் வேன் இருக்கா?"

"இல்லை."

"நாளைக்கு வருவேன், போவேன், தருவேன்? பூரா வேன்! தமிழ்ல எதிர்காலமே வேன்லதான் சார் வந்து எறங்குது."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாத்தியார் வாய் சும்மா இருக்காது. "அப்படிப் பிரிக்கக் கூடாதுங்க. 'வ்' எதிர்கால இடைநிலை. 'ஏன்'தான் விகுதி."

நடந்துகொண்டிருந்தவர் நடுரோட்டில் நின்றுவிட்டார். "வேன்ல 'வ்' போயிட்டா மிச்சம் 'ஏன்'-ஆ?"

"ஆமாம்."

"அட பாவி மனுசா, இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? வேன்ல ஏறுனவன் அத்தன பேரும் 'ஏன்'னு கேட்டவந்தானே! ஏன் முடி வெட்டணும், ஏன் இவளக் கட்டக்கூடாது, ஏன் இங்கயே கெடக்கணும்..."

அதற்கப்புறம் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் இலக்கணப் பாடம் நடந்தது. யாரும் கேட்கவில்லை. அரை நிமிஷத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். உண்மையில் நானுமே கேட்டதில்லை. கேட்பதுபோல் தலையை ஆட்டுவேன். அவர் பேச்சை முழுதாகக் கேட்ட ஆள் என்று ஒருவர்கூடக் கிடையாது.

ஒருத்தி இருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. தேன்மொழி. கடையில் கம்ப்யூட்டர் வேலை செய்த பெண். கறுப்பு முகங்களை வெளுப்பாக்குவதும், பின்னாலிருக்கும் குப்பைத்தொட்டியை எடுத்துவிட்டு அருவி வைப்பதும் அவள் பொறுப்பு. ஒரு திங்கட்கிழமை, நானும் கடையில் இருக்கும்போது, மவுசிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்.

"சார், வெள்ளிக்கெழம எனக்கு நிச்சயம் பண்றாங்க. எனக்கு இஷ்டமில்ல. நானும் பிரபுவும் மெட்ராஸ் போயி ரெஜிஸ்டர் பண்ணிக்கப் போறோம். ஒரு வேன் புடிச்சுக் குடுங்க."

பிரபு, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எடை போடுகிற வேலையில் இருந்தவன். இரண்டு பேரும் படித்தவர்கள், வயது வந்தவர்கள். ஆனால் பையன் வேறு ஆட்கள். அவ்வளவு சொன்னால் எங்கள் பக்கத்தில் மீதி தானாகப் புரியும்.

ஸ்டெடி வெளிறிப் போனார். "பஸ்ல போவலாமேம்மா."

"புது பஸ் ஸ்டாண்டுல டீக்கடை எங்க மாமாது. பழைய பஸ் ஸ்டாண்டுல பழக்கடை பெரியப்பாது. மினி பஸ் கண்டக்டரு எங்க அத்த மவன். நான் எந்தப் பஸ்ல சார் ஏறுறது?"

"நான் சும்மா போட்டோ எடுக்குறவம்மா. எனக்கு எதுக்கும்மா இந்த..."

"ஏன் சார்?" என்றாள்.

ஒரே ஒரு சொல். ஸ்டெடி சுவரில் இருந்த வேன்களைப் பார்த்தார். அவையும் அவரைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. "தண்ணி குடுங்க சார்" என்று என்னிடம் கேட்டார். குடித்ததில் பாதி சட்டையில் போயிற்று.

வரதராஜன்பேட்டை அந்தோணியிடம் ஒரு மெட்டடார் இருந்தது. முந்திரி மூட்டை ஏற்றுகிற வண்டி. அதைக் கல்லங்குறிச்சிக் கோயில் பக்கத்துத் திடலில் வைத்துப் படம் எடுக்கப்போவதாக ஸ்டெடி ஒரு மாதமாகவே ஊர் முழுக்கச் சொல்லிவந்தார். திட்டம் இதுதான்: புதன்கிழமை பகலில் படப்பிடிப்பு. வெளிச்சம் திருப்புவதற்காக வெள்ளைத் தெர்மகோல் பிடிக்கத் தேன்மொழி வேலையாக வருகிறாள். பிரபு முன்கூட்டியே மூட்டைகளுக்கு நடுவே படுத்திருப்பான். மெட்ராஸ் ரயிலுக்கு அரியலூர் ஸ்டேஷனில் காத்து நின்றால் தெரிந்தவர் கண்ணில் படும். அதனால் ரயில் வருகிற நேரத்தை ஒட்டித் திடலிலிருந்து கிளம்பி, அரியலூரில் இறங்கியதும் ஏறிவிட வேண்டும். அதுவரை படம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எடுத்தார். நேராக, சாய்த்து, முழு உருவம். மறுபடி நேராக. அந்தோணி ஸ்டியரிங்குக்கு முன்னாலிருந்த மாதா படத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்றுக்கு ஒரு பனையோலை அசைந்தாலும் எனக்கு ஆள் வருவதாகவே இருந்தது.

கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றபோது ஆள் வந்தேவிட்டார். பைக். வெள்ளைச் சட்டை. தேன்மொழியின் சித்தப்பா. வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு முதல் பத்திரிகையைப் பெருமாள் காலில் வைத்துவிட்டுத் திரும்புகிறவர்.

"என்னடா பாப்பா, இங்க?"

தேன்மொழியின் கையில் தெர்மகோல் படபடவென்று அடித்தது. "வேல சித்தப்பா."

"லீவு போடச் சொன்னாங்கள்ல அண்ணி?" என்றவர் பைக்கை நிறுத்தி இறங்கினார். "என்னங்க ஸ்டெடி, இந்த டப்பா வண்டிய என்னத்துக்குப் போட்டோ எடுக்குறீங்க?"

ஸ்டெடிக்குத் தெரிந்த விரட்டும் வித்தை ஒன்றே ஒன்று. வாயைத் திறந்தார். பஸ்ஸுக்கு ரூட்டு, லாரிக்கு லோடு, காருக்கு முதலாளி. இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சை இரண்டு நிமிஷத்துக்கு மேல் தாங்கிய மனிதர் கிடையாது. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டார். "அட, ஆமால்ல. அப்புறம்?"

ஸ்டெடி தடுமாறினார். இப்பிகள் பக்கம் போனார். சித்தப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தே விட்டார். பூ வரைந்த வேன் ஊருக்குள் வந்த கதையைக் கேட்டதும் தொடையில் தட்டிச் சிரித்தார். "எங்கப்பாவும் அப்ப அந்த ஊர்லதாங்க, அன்னிக்கு ஓடுனவரு! முள்ளு குத்துன காலக் கடைசி வரைக்கும் காட்டுவாரு. அது இப்பி வேனா? அடக் கடவுளே! சொல்லுங்க, அப்புறம்?"

கொடுமையைப் பாருங்கள். ஆயுசில் முதன்முதலாகக் கிடைத்த ரசிகர். போய்த் தொலைய வேண்டிய ஒரே ஆளும் அவர்தான். ஸ்டெடியின் முகத்தில் பயமும் சந்தோஷமும் மாறி மாறி ஏறி இறங்கின. என் கைக்கடிகாரம் மட்டும் யாரையும் சட்டை செய்யாமல் ஓடியது.

அப்போது வேனுக்குள் தும்மல் கேட்டது. பெரிய தும்மல். முந்திரிச் சாக்குத் தூசி.

"இன்ஜினு... சூடாறுதுங்க," என்றார் ஸ்டெடி.

"இன்ஜினுக்கு ஜலதோசமா?" என்றார் சித்தப்பா.

அவர் வேனைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். தெர்மகோலுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்த தேன்மொழியின் முகத்தைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. பைக்கின் பையில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சித்தப்பா எழுந்து துண்டை உதறினார். "என்னையும் ஒரு படம் எடுங்க ஸ்டெடி. நல்லா வரணும்."

"எடுக்... எடுக்குறேங்க. அப்புடி வெயிலப் பாத்து நில்லுங்க. கண்ணு கூசும், மூடிக்கங்க. நான் சொல்றப்ப தொறந்தாப் போதும்." வெயிலில் நிற்கிற எல்லோரிடமும் எல்லா போட்டோகிராபரும் சொல்வதுதான். சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கேமராவுக்குப் பின்னாலிருந்து தேன்மொழிக்குக் கையைக் காட்டினார். போ, போ, போ.

சித்தப்பா வேனுக்கு முதுகைக் காட்டி, கைகளைப் பக்கவாட்டில் இறக்கி, பள்ளிக்கூடப் பையன்போல் கண்ணை இறுக மூடி நின்றார். தெர்மகோல் தரையில் விழுந்தது. கதவு சாத்துகிற சத்தம். அந்தோணி மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே சாவியைத் திருகினான். மெட்டடார் ஸ்டார்ட் ஆனால் கல்லங்குறிச்சி முழுக்கக் கேட்கும். ஆனது.

"வண்டி ஸ்டார்ட் பண்றாங்களா?" கண்ணை மூடியபடியே கேட்டார்.

"லைட்டுக்குங்க... பின்னாடி வெளிச்சம் பத்தல..."

"ஓ."

நடுப்பகல். தலைக்கு மேல் வெயில் கொட்டுகிறது. வேன் நகர்ந்தது, திடலைக் கடந்தது, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ரோட்டில் ஏறியது. சத்தம் குறைந்து, குறைந்து, பிறகு குருவிச் சத்தம் மட்டும் கேட்டது. ஸ்டெடி கேமராவைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் நெற்றி வியர்வை புருவத்தைத் தாண்டி இமைமேல் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. திறக்கவும் இல்லை.

வெகுநேரம் கழித்துத்தான் கேட்டார்: "போயிட்டாங்களா?"

ஸ்டெடி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

சித்தப்பா கண்ணைத் திறந்தார். வேன் நின்ற இடத்தைப் பார்க்கவில்லை. "படத்த எடுத்துடுங்க. நான் கண்ண மூடிட்டு நின்னேன்னு வூட்ல நம்ப மாட்டாங்க, சாட்சி வேணும்," என்றார். பிறகு மெதுவாக, "பாப்பாவுக்கு இஷ்டமில்லன்னு எங்கண்ணங்கிட்ட நான் சொல்லிப் பாத்தேங்க. கேக்கல."

கண்ணை மறுபடி மூடி நின்றார். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஸ்டெடி எடுத்தார்.

வந்த வண்டி போய்விட்டதால் நாங்கள் திரும்ப வழியில்லை. "ஏறுங்க, டவுன்ல வுடுறேன்," என்றார் சித்தப்பா. பத்திரிகைக் கட்டை எடுத்து வயிற்றுக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவில் செருகிக்கொண்டார். ஸ்டெடி நடுவில், நான் பின்னால், என் தோளில் கேமரா ஸ்டாண்ட். வீட்டில் என்ன நடக்கும், நாளை கடை வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பாதி வழியில் ஸ்டெடியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். தேன்மொழி. எடுக்கவும் தைரியமில்லை, வைக்கவும் மனமில்லை.

"பேசுங்க," என்றார் சித்தப்பா, திரும்பாமல். "காத்துல எனக்கு ஒண்ணும் கேக்காது."

ஸ்டெடி காதில் வைத்தார். "ம்... ம்... ஏறியாச்சா?... வண்டி எடுத்தாச்சா?... சாப்டியாம்மா?" போனை மடியில் இறக்கிவிட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் முன்னாலிருந்து குரல் வந்தது. "சாப்ட்டாளாமா?"

ஸ்டெடி ஆமாம் என்று தலையை ஆட்டினார். முன்னாலிருக்கும் சித்தப்பாவுக்கு அது தெரியப்போவதில்லை என்பதால் நான்தான், "சாப்ட்டாளாமுங்க," என்று சத்தமாகச் சொன்னேன். ஸ்டெடியின் உடம்பு முழுக்கக் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாரா, சிரிக்கிறாரா, பயம்தானா, பின்னாலிருந்து பார்த்தால் தெரியவில்லை. விழுந்துவிடப் போகிறாரே என்று அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அரியலூர் வந்து சேரும்வரை விடவில்லை.